சனிக்கிழமை சாட்சியச் சட்ட வகுப்பு: ஒரு மகஜர் சாட்சியின் மதிப்புரை

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், ஆறு சனிக்கிழமைகள் மாலை 4 மணி முதல் 6.30 வரை நடந்த சாட்சியச் சட்ட வகுப்பில் 1,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஒரு வகுப்பையும் தவறவிடாமல் முடித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நடத்துபவர் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விளம்பரம் போல் ஆகிவிடும், பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், ஆசிரியர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். வகுப்பின் பொருள் ஒன்றே ஒன்றுதான்: முறைதவறிப் பெறப்பட்ட சான்றைக் குற்ற வழக்கில் நீதிமன்றம் எப்போது ஏற்கும், எப்போது ஏற்காது. ஆறு மாலைகளும் அந்த ஒரு கேள்வியைவிட்டு நகராமல் நடத்த முடியுமா என்ற ஐயம் எனக்கு முதலில் இருந்தது. முடிந்தபோது, இன்னும் இரண்டு மாலைகள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் வழக்கறிஞன் அல்லன். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து முதியவர்கள் சிலர் இன்னும் பார்வத்தியக்காரர் என்றே அழைக்கும் வேலை அது. பட்டா மாறுதல், அடங்கல், வரி வசூல் ஆகியவற்றுக்கு நடுவே, காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்போதெல்லாம் போய் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் ஆவணத்தில், சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் அந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது. அப்படி நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. அந்த வழக்குகளில் கைப்பற்றிய கத்தியும் வேட்டியும் சாக்குமூட்டையும் நீதிமன்றத்தில் என்ன ஆயின என்பது எனக்குப் பெரும்பாலும் தெரியாது. கூண்டில் ஏறி, கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்லி, குறுக்கு விசாரணையில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லி இறங்கிவிட்டால் என் பங்கு முடிந்தது. அந்தக் கையெழுத்துக்கு உள்ளபடியே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் 22 பேர் இருந்தோம். பெரும்பாலோர் நாகர்கோவில், குழித்துறை, இரணியல், பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் தொழில் தொடங்கியிருக்கும் இளம் வழக்கறிஞர்கள். இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள், ஒரு பெண் உதவி ஆய்வாளர், ஒரு ரப்பர் வியாபாரி, நான். ஆசிரியர் வணக்கம் சொன்னதும் ஒரு கேள்வியை வைத்தார். காவல் அதிகாரி ஒருவர் எந்த ஆணையும் இல்லாமல், அக்கம்பக்கத்தில் ஒருவரையும் சாட்சிக்குக் கூப்பிடாமல், பூட்டிய வீட்டைத் திறந்து, ரத்தக்கறை படிந்த வெட்டுக்கத்தியை எடுத்துவருகிறார். அந்தக் கத்தியை நீதிமன்றம் பார்க்குமா, பார்க்காதா? கை தூக்கச் சொன்னபோது ஐந்து பேரைத் தவிர எல்லோரும் பார்க்காது என்றோம். சட்டத்தை மீறி எடுத்ததைச் சட்டமே எப்படி ஏற்கும் என்பது எங்கள் நியாயம். ஆசிரியர் சிரிக்கவில்லை. "குளச்சல் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவன் மீனைப் பார்த்து விலை சொல்கிறான். எந்த வலையில் பட்டது, யாருடைய வலையில் பட்டது என்று கேட்கிறானா? நம் நாட்டு நீதிமன்றமும் ஏறத்தாழ அப்படித்தான்" என்றார். பின்வரிசையிலிருந்து கடலோர ஊர்க்காரரான ஓர் இளம் வழக்கறிஞர், "தடைக்காலத்தில் பிடித்த மீன் என்றால் கேட்பார்களே சார்" என்றார். ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பி, ஒரு பக்கம் "மீன்" என்றும் மறுபக்கம் "தடைக்காலம்" என்றும் எழுதினார். கடைசி நாள்வரை வகுப்பு அந்த இரண்டு தலைப்புகளுக்குள்ளேயே நடந்தது. இங்கே கிழக்குக் கரைக்கு ஒரு தடைக்காலம், மேற்குக் கரைக்கு வேறொரு தடைக்காலம், ஒவ்வொன்றும் 61 நாள். சட்டத்திலும் தடை ஒரே அளவில் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை என்பதை இதைவிட எளிதாக எங்கள் மாவட்டத்தில் சொல்லிவிட முடியாது.

"மீன்" பக்கத்து வழக்குகளை அவர் சொன்ன விதத்துக்கே கட்டணத்தில் பாதி சரியாகிவிடும். 1861-ஆம் ஆண்டின் லீத்தம் வழக்கிலிருந்து தொடங்கினார். திருடிக்கொண்டு வந்தாலும்கூடச் சான்று சான்றுதான், எப்படிக் கிடைத்தது என்பது பொருட்டல்ல என்று இங்கிலாந்து நீதிபதி கிராம்ப்டன் அப்போது சொன்ன சொல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாட்டுத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்பின் கென்யாவுக்குப் போனார். மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்த காலத்தில், குருமா என்பவரைச் சாலைத் தடுப்பில் நிறுத்திக் காவலர்கள் சோதித்தார்கள். இரண்டு துப்பாக்கித் தோட்டாக்களும் ஒரு பேனாக்கத்தியும் இருந்தன என்றார்கள். அத்தகைய சோதனையை நடத்த உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறைந்தவருக்கு அதிகாரமே கிடையாது. சோதித்தவர்கள் அந்த நிலைக்குக் கீழே உள்ளவர்கள். பேனாக்கத்தி நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. சோதனையைப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட வேறு ஆட்கள் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. தோட்டா வைத்திருந்ததற்குத் தண்டனையோ மரணம். 1955-இல், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சில் அந்த மேல்முறையீட்டைத் தள்ளியது: சான்று வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே அளவுகோல், அது எப்படிக் கிடைத்தது என்பதில் நீதிமன்றத்துக்கு அக்கறை இல்லை, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அநீதியாக முடியும் என்று தோன்றினால் நீதிபதி தம் விருப்புரிமையில் ஒதுக்கிவைக்கலாம்.

இந்த வழக்கை ஆசிரியர் சொல்லி முடித்ததும் ரப்பர் வியாபாரி ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தோட்டா அவன் பையில் இருந்ததுதானா என்பதற்கே வேறு சாட்சி இல்லையே சார்?" இளம் வழக்கறிஞர்கள் அதைச் சட்டம் தெரியாதவரின் கேள்வியாக எடுத்துக்கொண்டது அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஆசிரியர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். நடைமுறை மீறல் என்பது எதிரியின் உரிமை சம்பந்தப்பட்டதோடு நிற்பதில்லை, பொருள் உண்மையிலேயே அங்கே இருந்ததா என்பதையும் தொடுகிறது. சாட்சிகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல, காவலர் கையிலிருந்தே பொருள் வந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் போக்கவும்தான் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஆறு வாரங்களில் நான் கேட்ட மிகச் சிறந்த அரை மணி நேரம் அது.

இந்தியத் தீர்ப்புகளுக்கு வந்தபோது, முதலில் 1963-இல் வெளியான ராதாகிஷன் வழக்கை எடுத்தார். பட்டுவாடா செய்ய வேண்டிய கடிதங்களைப் பதுக்கிவைத்ததாக ஓர் அஞ்சல்காரர்மீது வழக்கு. வீட்டைச் சோதித்த முறை சட்டப்படி இல்லை என்று அவர் தரப்பில் வாதம். உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சோதனை சட்டவிரோதம் என்றால், வீட்டுக்காரர் அதைத் தடுத்திருக்கலாம், நீதிமன்றமும் கைப்பற்றியதைப் பற்றிய சாட்சியத்தை இன்னும் கவனமாக உரசிப் பார்க்கலாம், அதற்குமேல் கைப்பற்றல் கெட்டுப்போவதில்லை. இதைக் கேட்டபோது என் பழைய கையெழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் விடை கிடைத்தது போல் இருந்தது. மகஜரில் பிழை இருந்தால் பொருள் வெளியே போகாது. பொருளின்மீது வைக்கும் நம்பிக்கை குறையும். பொருள் நீதிமன்றத்துக்குள் வருவது வேறு, அதற்கு எவ்வளவு எடை என்பது வேறு. நம் நாட்டில் எதிரித் தரப்பு வழக்கறிஞரின் போர் பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் நடக்கிறது. எனக்கு இந்த வகுப்பு சொல்லித் தந்த ஒரே பாடம் எது என்று கேட்டால் இதுதான்.

அடுத்தது மால்கனி வழக்கு. பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்ட பேச்சை, மருத்துவரின் சம்மதத்தோடு லஞ்ச ஒழிப்புக் காவல் துறை தொலைபேசியில் கருவியைப் பொருத்திப் பதிவு செய்தது. 1973-இல் வெளியான அந்தத் தீர்ப்பில் பதிவு ஏற்கப்பட்டது. பேசியவரை யாரும் வற்புறுத்திப் பேசவைக்கவில்லை. தொடர்புடைய சான்று, முறைதவறிப் பெறப்பட்டதாகவே இருந்தாலும், அந்த ஒரு காரணத்தால் ஒதுக்கப்படாது. அடுத்த ஆண்டு வெளியான பூரன் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வருமான வரிச் சோதனைகளைப் பற்றிப் பேசும்போது, அரசமைப்போ வேறு சட்டமோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தடை செய்திருந்தாலொழிய, சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததைத் தள்ள வேண்டியதில்லை என்று உறுதிப்படுத்தியது. "தடை செய்திருந்தாலொழிய" என்ற அந்தச் சொல்லின் கீழ் ஆசிரியர் இரண்டு கோடு போட்டார். மூன்றாம் வாரம் அந்தக் கோடுகளிலிருந்துதான் தொடங்கியது.

தடைகளில் மூத்தது ஒப்புதல் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 23-ஆம் பிரிவுக்குள் வந்திருக்கிறது. ஆசை காட்டியோ மிரட்டியோ வற்புறுத்தியோ வாங்கியது என்றால் 22-ஆம் பிரிவு அதைத் தள்ளிவிடும். இங்கே எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எடையோடு நிற்பதில்லை, வாசலிலேயே மறித்துவிடுகிறது. அடித்து வாங்கிய வார்த்தை பொய்யாக இருக்கலாம். அடித்து எடுத்த கத்தி பொய்யாகிவிடாது என்பதே சட்டம் இரண்டுக்கும் வைத்திருக்கும் வேறுபாட்டின் வேர் என்று ஆசிரியர் சொன்னார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கத்தி பொய் சொல்லாதுதான். அதை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதுகிற மகஜர் பொய் சொல்லும். இருபத்தேழு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழைய 27-ஆம் பிரிவு, இப்போது 23-ஆம் பிரிவின் காப்புரை (அந்தத் தடைக்கு ஒரு விலக்கு), வகுப்பின் நடு மையம். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த அளவு தகவலை மட்டும் மெய்ப்பிக்கலாம். இதற்கு ஆசிரியர் எடுத்தது, பழைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து 1946-இல் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கோட்டய்யா வழக்கு. ஈட்டியால் குத்தினேன், அந்த ஈட்டியை ஒரு முற்றத்தில் ஒளித்துவைத்தேன், இடத்தைக் காட்டுகிறேன் என்று எதிரி சொல்கிறார். ஒளித்துவைத்ததும் காட்டுவதும் உள்ளே வரும். குத்தினேன் என்ற சொல் வெளியே நிற்கும். ஆசிரியர் எங்களுக்கு ஐந்து மாதிரி வாக்குமூலங்களைக் கொடுத்துச் சிவப்புப் பேனாவால் வெளியே நிற்க வேண்டியதை அடிக்கச் சொன்னார். உதவி ஆய்வாளர் ஐந்தையும் சரியாக அடித்தார். மூன்று வழக்கறிஞர்கள் இரண்டில் தவறினார்கள். நான் நான்காவதில் மாட்டிக்கொண்டேன். "நான் விற்ற சங்கிலியை வாங்கிய கடையைக் காட்டுகிறேன்" என்ற சொற்றொடரில் "நான் விற்ற" என்பதை என்ன செய்வது என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து, சுக்குக் காப்பி ஆறிப்போகும்வரை விவாதம் நடந்தது.

போதைப்பொருள் வழக்குகளுக்கு ஒரு முழு மாலை ஒதுக்கியது சரியான முடிவு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கப்பட அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, அதைச் சொல்லாமல் உடலிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்து, சட்டவிரோதமாக வைத்திருந்தார் என்று தண்டிக்க முடியாது என்றது. பூரன் மல் தீர்ப்பை அரசுத் தரப்பு காட்டியபோது, அந்தத் தீர்ப்பு இதற்கு அனுமதி தரவில்லை என்றும் விளக்கியது. இங்கே வைத்திருத்தலே குற்றம், சோதனை தவிர அதற்கு வேறு சான்று கிடையாது, தண்டனையோ கடுமையானது. ஆகவே நடைமுறையே எதிரிக்கு இருக்கும் ஒரே வேலி. ஆனால் பை, பெட்டி, வண்டி ஆகியவை உடல் ஆகா என்று 2005-இல் பவன் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட பையன் கையில் இருக்கும் பைக்கும், அவன் இடுப்பில் செருகிய பொட்டலத்துக்கும் சட்டத்தில் வேறு வேறு பாதை. இதைக் கேட்ட மாணவர் ஒருவர், அப்படியானால் இடுப்பில் வைத்தவன் தப்பித்துக்கொள்வான், பையில் வைத்தவன் அகப்படுவான், இது என்ன நியாயம் என்றார். நியாயம் தேடி வருகிறவர்கள் முதலில் பிரிவைப் படித்துவிட்டு வரட்டும் என்று ஆசிரியர் கடிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி; விடை சொல்ல அவரிடம் விடையும் இருந்தது, பொறுமைதான் அன்று இல்லை.

அதே மாலையில், நம் மாநிலமே ஒரு தரப்பாக இருந்த தூஃபான் சிங் வழக்கையும் எடுத்தார். போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே. அவர்கள் அதே போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் எழுதி வாங்கும் ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். அதற்கு முன்புவரை அந்த ஒப்புதலை மட்டும் நம்பியிருந்த வழக்குகளின் நிலை என்னவாகும் என்று வகுப்பில் கேட்டபோது, தம் பழைய வழக்குகள் சிலவற்றையே நினைத்தாரோ என்னவோ, ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை.

அறிவியல் சோதனைகளுக்கு அவர் அதிக நேரம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் சொன்னதும், சம்மதமின்றி நடத்தும் உண்மை கண்டறியும் மருந்துச் சோதனையும் பொய் கண்டறியும் சோதனையும் செல்லாது என்று 2010-இல் செல்வி வழக்கில் சொன்னதும் இருபது நிமிடத்தில் முடிந்தன.

அமெரிக்காவையும் அப்படியே விரைவாகக் கடந்தார். அங்கே 1914-இல் வீக்ஸ் வழக்கில் மைய அரசு நீதிமன்றங்களுக்கும், 1961-இல் மாப் வழக்கில் மாநிலங்களுக்கும், சட்டவிரோதச் சோதனையில் கிடைத்ததை ஒதுக்கும் விதி வந்தது. அதிலிருந்து கிளைத்துக் கிடைத்ததையும் சேர்த்து ஒதுக்குவதை அவர்கள் நச்சு மரத்துக் கனி என்பார்கள். ஆசிரியர் அதை எட்டி மரம் என்று தமிழாக்கினார். எட்டி பழுத்தால் என்ன என்ற பழமொழி தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த விதிக்கும் 1984-இல் லியோன் வழக்கு முதலானவற்றில் விலக்குகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் அதே 1984-ஆம் ஆண்டு வந்த காவல், குற்றச் சான்றுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, விசாரணையின் நேர்மையைக் கெடுக்கும் சான்றை ஒதுக்க நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. நம் சட்ட ஆணையமும் 1983-இல், தன் 94-ஆவது அறிக்கையில், ஏறத்தாழ அத்தகைய விருப்புரிமையை நீதிமன்றத்துக்குத் தரலாம் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. 2023-இல் புதிய சட்டம் எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை. இந்த இடத்தில் ஆசிரியர் தம் கருத்தை மறைக்கவில்லை: எல்லாவற்றையும் ஒதுக்கினால் காவலரின் தவறுக்குப் பாதிக்கப்பட்டவர் விலை கொடுக்க வேண்டிவரும், எதையுமே ஒதுக்காவிட்டால் நடைமுறை வெறும் காகிதமாகிவிடும், நடுவே நீதிபதிக்கு ஓர் அதிகாரம் இருப்பதே நல்லது என்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு அரசுத் தரப்பில் நின்றவர் இதைச் சொன்னதால் அதற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது.

ஐந்தாவது வாரம் மாதிரிக் குறுக்கு விசாரணை. கிராம நிர்வாக அலுவலர் வேடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கற்பனை வழக்கு ஒன்றில், மார்த்தாண்டம் அருகே ரப்பர் தோட்டத்தில் எதிரி காட்டிய இடத்தில் வெட்டுக்கத்தி எடுத்ததாக நான் முதல் விசாரணையில் சொன்னேன். குழித்துறையிலிருந்து வரும் ஓர் இளம் பெண் வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கத்தியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று காலை அலுவலகத்தைத் திறந்தது எத்தனை மணிக்கு, எத்தனை வரி ரசீது எழுதினேன், தோட்டத்துக்கு எந்த வண்டியில் போனேன், மழை பெய்ததா, காலில் சேறு ஒட்டியதா, மகஜரை எழுதியவர் எதன்மீது வைத்து எழுதினார் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு மிக மெதுவாக, "அந்த மகஜர் தாளில் ஒரு மழைத்துளிகூட விழவில்லையா ஐயா?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணியில் இருந்த காலத்தில், ஒரு வழக்கில், இடத்துக்குப் போகாமலேயே, என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து நீட்டிய மகஜரில் நான் கையெழுத்திட்டது உண்டு. அன்று தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி வேலை, நேரமில்லை, போய்ப் பார்த்தாலும் அதே கத்திதானே என்று எண்ணினேன். நீதிமன்றத்தில் என்னை அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை அன்று வகுப்பில் எழுந்து சொன்னேன். ஆசிரியர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "வி.ஏ.ஓ. சார் இப்போது சொன்னதுதான் எதிரித் தரப்பு தேடவேண்டிய விஷயம். பொருளை ஒதுக்கச் சொல்லி மனு போட்டால் ராதாகிஷன் தீர்ப்பைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். சாட்சி அந்த இடத்தில் இல்லை என்று காட்டினால், பொருள் மேசையில் இருக்கும், வழக்கு இருக்காது" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். இந்த ஒரு மாலைக்காகவே யாரையும் இந்த வகுப்புக்கு அனுப்பலாம்.

குறைகளுக்கு வருகிறேன். மின்னணுச் சான்றுகளுக்குக் கடைசி வாரத்தின் கடைசி முக்கால் மணி நேரமே கிடைத்தது. இன்று குற்ற வழக்கு என்றால் பாதி கைப்பேசிதான். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒட்டுக்கேட்பு விதிகளை மீறியது சான்றைக் கெடுக்காது என்றதையும், 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஆனதையும், 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாத நிலையில் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்து, அதில் கிடைத்த உரையாடல்களைப் பயன்படுத்தக் கூடாது என்றதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பூரன் மல் காலத்து விதி புட்டசாமிக்குப் பிறகும் அப்படியே நிற்குமா என்பதே இனி வரும் ஆண்டுகளின் பெரிய கேள்வி. அதை எங்களிடம் கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை. மின்னணுப் பதிவோடு வர வேண்டிய சான்றிதழ் பற்றி, 2014-இல் அன்வர் வழக்கும் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கும் சொன்னதையும், புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவையும் அச்சுக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அச்சுக் குறிப்பில் பார்த்தால், பழைய 65பி பிரிவு என்றே இருக்கிறது. புதிய எண்ணுக்குப் பேனாவால் ஓர் அம்புக்குறி. 60 பக்கக் குறிப்பில் இப்படிப் பழைய எண்களே நின்றுவிட்ட இடங்கள் ஒன்பதை நான் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். உதவி ஆய்வாளர் தம் கைப்பேசியை எடுத்து, மலையோரக் கிராமங்களில் சிக்னல் இல்லாத இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினார். நான் அந்தக் காலத்தில் வேலை பார்த்திருந்தால், அலுவலக மேசையில் வைத்துக் கையெழுத்திட்டது படத்தில் வந்திருக்கும்.

இடத்தைப் பற்றியும் இரண்டு வரி. மாடிப்படி குறுகலானது, கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறிகள் நான்கில் மூன்று சுற்றும். வாகனங்களின் ஒலிப்பானில் ஐந்து மணிக்குமேல் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது, ஆகவே முன்வரிசையில் உட்காருங்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இடைவேளையில் தரும் சுக்குக் காப்பியும் ரசவடையும் கட்டணத்தில் அடக்கம்; ரசவடை முதல் மூன்று வாரம் மிக நன்றாக இருந்தது, நாலாவது வாரம் கடையை மாற்றிவிட்டார்கள்.

யார் சேரலாம் என்று கேட்டால், தொழில் தொடங்கிய ஐந்தாண்டுக்குள் இருக்கும் வழக்கறிஞர்களுக்கு இது மிகவும் பயன்படும். காவல் துறையில் புலனாய்வில் இருப்பவர்களும் வரலாம். நீதிபதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேறு வகுப்பு தேடுவது நல்லது. இங்கே கேள்வி-விடை மனப்பாடம் கிடையாது. இப்போது பணியில் இருக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் கட்டாயம் வர வேண்டும் என்பேன். சனிக்கிழமை மாலை விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சுற்று எட்டு வாரமாக இருக்கும், கூடுதல் இரண்டு வாரமும் கைப்பேசிக்கும் ஒட்டுக்கேட்புக்கும் என்று கடைசி நாள் ஆசிரியர் அறிவித்தார். கட்டணம் 2,000 ரூபாய். மாதிரிக் குறுக்கு விசாரணைக்கு நிரந்தரமாக ஒரு மகஜர் சாட்சி வேண்டும், கட்டணம் வாங்கமாட்டோம், வருவீர்களா சார் என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். அந்த மழைக் கேள்வி கேட்ட பெண்ணே மறுபடியும் வருவார் என்றால் வருகிறேன், தாழ்ப்பாளையும் போட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பிடி இல்லாத அந்தப் படியில் பார்த்துப் பார்த்து இறங்கினேன்.